மச்சமும் மருத்துவமும்

மனித உடலில் அமைந்துள்ள மச்சங்களுக்குப் பலன் கூறும் வழக்கம் தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக இருந்து வருகின்றது. இன்ன இடத்தில் மச்சம் இருந்தால் செல்வம் சேரும், இன்ன இடத்தில் இருந்தால் பிரயாணம் வாய்க்கும் என்றெல்லாம் பெரியோர் கூறுவதைக் கேளாதவர் இலர். எடுத்த காரியம் யாவும் கைகூடப் பெற்றவனை "மச்சக்காரன்" என்று அழைப்பது இன்றும் பேச்சு வழக்கில் உண்டு. மச்சம் எங்கே இருக்கின்றது என்பதை இத்துணை நுட்பமாகக் குறித்து வைத்த மக்கள், அம்மச்சம் காலப்போக்கில் மாறுகின்றதா என்பதைக் கவனிக்கப் பழகவில்லை. இது தமிழருக்கு மட்டும் உரிய குறையன்று. மருத்துவத்தில் முன்னேறிய மேலைநாட்டினரும் அதைக் கவனிக்கக் கற்றுக்கொண்டது மிக அண்மைக் காலத்திலேயே ஆகும்.

ஈரலிலும் குடலிலும் தோன்றும் புற்றுநோய் கண்ணுக்குத் தெரியாமல் வளர்கின்றது. தோலில் தோன்றும் புற்றுநோயோ உடலின் வெளிப்புறத்தில், எவர் கண்ணுக்கும் தெரியக்கூடிய இடத்தில் வளர்கின்றது. அவ்வாறிருந்தும் அதனை உரிய காலத்தில் இனங்காண மருத்துவ உலகிற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் சென்றன. இதற்குக் காரணம் யாது? கண்கள் இருந்தன, ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்திருக்கவில்லை. தோற்புற்றுநோயின் வரலாறு, மனிதன் தன் தோலைப் பார்க்கக் கற்றுக்கொண்ட வரலாறே எனலாம்.

தோற்புற்றுநோய்களுள் முக்கியமானவை மூன்று. மேற்றோலின் அடிப்படையிலுள்ள கலங்களில் தோன்றுவது ஒன்று. அதற்கு மேலுள்ள செதிற் கலங்களில் தோன்றுவது மற்றொன்று. தோலுக்கு நிறத்தை அளிக்கும் மெலனின் என்னும் பொருளை ஆக்குகின்ற நிறக்கலங்களில் தோன்றுவது மூன்றாவது. முதலிரண்டும் பெரும்பாலும் மெதுவாக வளர்பவை. மூன்றாவதாகிய மெலனோமா எண்ணிக்கையிற் குறைந்தது. ஆயினும் உயிரைக் கவர்வதில் மற்றிரண்டையும் விஞ்சியது. மச்சத்துடன் தொடர்புடையதும் இதுவே.

கண்ணெதிரே உள்ள நோயையும் தவறாகப் பார்க்கலாம் என்பதற்கு 18ஆம் நூற்றாண்டின் இலண்டன் மாநகர் நல்ல உதாரணமாகும். அக்காலத்தில் வீடுகளின் புகைபோக்கிகளைத் துப்புரவு செய்வதற்கு ஏழைச் சிறுவர்களை உள்ளே ஏறவிடுவது வழக்கம். ஒடுங்கிய குழாயினுள் உடல் முழுவதும் கரி படிய ஏறியிறங்கிய அச்சிறுவர்கள் வளர்ந்து ஆளானபின், அவர்களுட் சிலருக்கு அரையின் கீழுள்ள மறைவிடத்துத் தோலில் ஆறாத புண் உண்டாயிற்று. தொழிலாளர் அதனைப் "புகைக்கரி மரு" என்று அழைத்துச் சாதாரணமாக எண்ணினர். வைத்தியர்களோ அதனை மேகநோய் எனக் கருதி இரசம் கலந்த மருந்துகளைக் கொடுத்தனர். 1775ஆம் ஆண்டில் பேர்சிவல் பொட் என்னும் சத்திரவைத்தியர், அது மேகநோய் அன்று, புகைக்கரியினால் விளையும் புற்றுநோய் என்று எழுதினார். ஒரு தொழிலினால் புற்றுநோய் உண்டாகும் என்று எடுத்துக்காட்டப்பட்டது அதுவே முதன்முறை. தொடக்கத்திலேயே புண்ணை வெட்டி அகற்றினாலன்றி உயிர் பிழைப்பது அரிது என்பதையும் அவர் வற்புறுத்தினார். சிறுவர்களைப் புகைபோக்கியில் ஏற்றும் கொடுமை பல சட்டங்களைக் கடந்து, 1875ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே ஒழிந்தது.

பொட் அவர்களின் மாணாக்கருள் ஒருவர் ஜோன் ஹன்டர். 1787ஆம் ஆண்டில் 35 வயதுடைய ஒருவர் தாடையின் பின்புறத்தில் கட்டியொன்றுடன் அவரிடம் வந்தார். முன்பு அகற்றப்பட்டு மறுபடியும் வளர்ந்த கட்டி அது. ஹன்டர் அதனை வெட்டியெடுத்தார். அதன் ஒரு பகுதி வெண்மையாகவும் மற்றொரு பகுதி மென்மையாகவும் கறுப்பாகவும் இருந்ததைக் குறித்து வைத்தார். அது இன்ன நோய் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆயினும் பிற்காலத்தார் ஆராயட்டும் என்று அதனைப் பாதுகாத்து வைத்தார். அது இலண்டனிலுள்ள சத்திரவைத்தியர் கல்லூரியின் காட்சிச்சாலையிற் சேர்ந்தது. 1968ஆம் ஆண்டில், அதாவது 181 ஆண்டுகளின் பின்னர், அதன் சிறு துண்டொன்று நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பரிசோதிக்கப்பட்டது. அது மெலனோமாவே என்பது அப்பொழுது உறுதியாயிற்று.

அந்நோய்க்குப் பெயர் கிடைத்தது பிரான்ஸ் நாட்டில். வைத்தியர்கள் நெஞ்சொலியைக் கேட்கப் பயன்படுத்தும் ஸ்டெதஸ்கோப்பு என்னும் கருவியை 1816ஆம் ஆண்டிற் கண்டுபிடித்த லாயனெக் என்பார், அதற்கு 12 ஆண்டுகள் முன்னரே, 1804ஆம் ஆண்டில், பாரிஸ் நகரில் இந்நோய் பற்றி ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். இறந்தோரின் உடல்களைச் சோதித்த பொழுது நுரையீரலிலும் பிற உறுப்புக்களிலும் கரிய கட்டிகளைக் கண்ட அவர், அவை நுரையீரலைச் சார்ந்த கணுக்களில் இயல்பாகக் காணப்படும் கருமையினின்றும் வேறானவை எனக் காட்டினார். கருமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று "மெலனோஸ்" என்னும் பெயரை அதற்குச் சூட்டினார். ஆனால் அவர் கண்டது நோயின் முடிவை. அதன் தொடக்கத்தை அன்று. பிரேத பரிசோதனை மேசையில் நோயை அறிந்துகொள்ளலாம். நோயாளியைக் காக்க முடியாது.

தொடக்கத்தைக் கண்டவர் தலைநகரத்துப் பேராசிரியர் அல்லர். இங்கிலாந்தின் ஸ்ரவர்பிரிட்ஜ் என்னும் சிற்றூரில் வைத்தியம் பார்த்து வந்த வில்லியம் நொரிஸ் என்பவரே அவர். அவரிடம் 59 வயதுடைய ஒருவர் வந்தார். அவரது வயிற்றின் கீழ்ப்புறத்தில் இருந்த ஒரு மச்சம் கட்டியாக வளர்ந்திருந்தது. நொரிஸ் அந்நோயாளியை இறுதிவரை கவனித்து, இறந்தபின் உடலையும் சோதித்து, 1820ஆம் ஆண்டில் எடின்பரோ மருத்துவ இதழொன்றில் எழுதினார். கிராம வைத்தியர் ஒரு குடும்பத்தை முழுமையாக அறிந்திருப்பது இயல்பு. அந்நோயாளியின் தந்தையாரும் அத்தகைய நோயினாலேயே இறந்தார் என்பதையும், குடும்பத்தில் ஏனையோருக்கும் உடலிற் பல மச்சங்கள் இருந்தன என்பதையும் அவர் கவனித்தார். 1857ஆம் ஆண்டில் தாம் கண்ட எட்டு நோயாளிகளைப் பற்றி அவர் மீண்டும் எழுதினார். மச்சத்துக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டு, இது சில குடும்பங்களில் வழிவழியாக வருவது என்னும் கருத்துக்களை அதில் வலியுறுத்தினார். இந்நோய் சில குடும்பங்களில் தொடர்வதற்குக் காரணமான பரம்பரை அலகொன்றை ஆராய்ச்சியாளர் இனங்கண்டது 1994ஆம் ஆண்டிலாகும். கிராம வைத்தியரின் கண் 174 ஆண்டுகள் முந்திச் சென்றிருந்தது.

இதற்கிடையில், 1840ஆம் ஆண்டில், சாமுவேல் கூப்பர் என்னும் ஆங்கிலேய சத்திரவைத்தியர், இந்நோய் முற்றிய பின்னர் செய்யத்தக்கது எதுவும் இல்லை, முளையிலேயே அகற்றுவதொன்றே வழி என்று தம் நூலில் எழுதினார். உண்மை சொல்லப்பட்டுவிட்டது. ஆனால் முளை எது, முற்றியது எது என்று இனங்காணும் அளவுகோல் வைத்தியரிடமும் இல்லை, மக்களிடமும் இல்லை. மச்சம் பெருத்து, புண்ணாகி, இரத்தம் கசிந்து, கழுத்திலோ அரையிலோ நெறி கட்டிய பின்னரே நோயாளர் வைத்தியரை நாடினர். 1907ஆம் ஆண்டில் இலண்டனில் சாம்ப்சன் ஹான்ட்லி என்பவர், கட்டியைச் சுற்றியுள்ள தோலையும் அதன் கீழுள்ள இழையங்களையும் நிணநீர்க் கணுக்களையும் விரிவாக வெட்டியகற்ற வேண்டும் என்று போதித்தார். ஒரே ஒரு நோயாளியின் பிரேத பரிசோதனையை முதன்மை ஆதாரமாகக் கொண்ட இம்முறை, அரை நூற்றாண்டுக்கு மேல் மருத்துவ உலகை ஆண்டது. காலந்தாழ்த்தி வந்த நோயாளருக்கு எவ்வளவு அகலமாக வெட்டியும் பயன் விளையவில்லை. அதனால், "மச்சத்திற் கத்தி பட்டால் ஆபத்து" என்னும் அச்சமே மக்களிடையே வேரூன்றியது. கத்தி கெடுத்ததன்று, காலந்தாழ்த்தியதே கெடுத்தது.

நோயின் காரணத்தைத் தேடிய முயற்சி மற்றொரு திசையிற் சென்றது. கடலில் நெடுநாள் வெயிலிற் காய்ந்த மாலுமிகளின் தோல் தடித்துப் பழுதடைந்து புற்றாக மாறுவதை 1894ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஹம்பர்க் நகரில் உன்னா என்பவர் விவரித்தார். பிரான்ஸ் நாட்டின் போர்தோ நகரைச் சார்ந்த துப்ரோய் என்பவர், திராட்சைத் தோட்டங்களில் உழைப்போரிடம் அதனையே கண்டார். 1928ஆம் ஆண்டில் பின்ட்லே என்பவர், ஊதாக்கடந்த கதிர்களைப் பாய்ச்சி எலிகளின் தோலில் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டினார். 1956ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியப் புள்ளிவிவர அறிஞர் லங்காஸ்டர், ஐரோப்பிய வமிசத்தவர் பூமத்தியரேகைக்கு எவ்வளவு அண்மையில் வாழ்கின்றனரோ அவ்வளவுக்கு அவர்களிடையே மெலனோமாவினால் ஏற்படும் மரணம் மிகுதியாகின்றது என்று கணக்கிட்டார். மங்கலான வெயிலுக்கு ஏற்ற வெண்ணிறத் தோலுடன் குடியேறியவர்கள், கடும் வெயில் நாட்டின் கடற்கரைகளில் அதற்குரிய விலையைக் கொடுத்துக்கொண்டிருந்தனர்.

ஆகவே, வரலாற்றின் திருப்பமும் அந்நாட்டிலேயே நிகழ்ந்தது. 1963ஆம் ஆண்டில் குயீன்ஸ்லாந்து மாகாணத்தில் நெவில் டேவிஸ் முதலிய வைத்தியர்கள் மெலனோமா ஆய்வுத் திட்டம் ஒன்றை ஆரம்பித்தனர். நோயாளரின் விவரங்களைத் திரட்டியதோடு அவர்கள் நிற்கவில்லை. மாறுகின்ற மச்சத்தை வைத்தியரிடம் காட்டுங்கள் என்று பொதுமக்களுக்கும், அதனை அசட்டை செய்யாதீர்கள் என்று வைத்தியர்களுக்கும் போதித்தனர். நோயைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு வைத்தியசாலையினின்று வீட்டுக் கண்ணாடியின் முன்னே வந்தது. 1981ஆம் ஆண்டில் விக்டோரியா மாகாணத்தில், சட்டையை அணி, களிம்பைப் பூசு, தொப்பியை வை என்று ஒரு கடற்பறவை ஆடிப்பாடும் தொலைக்காட்சி விளம்பரம் தோன்றிச் சிறுவர்களின் வாயிலும் புகுந்தது.

காலந்தாழ்த்தாமை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை அளந்து காட்டியவர் அமெரிக்க நோயியலறிஞர் அலெக்சாந்தர் பிரெஸ்லோ. 1970ஆம் ஆண்டில் அவர் கையாண்ட முறை மிக எளியது. வெட்டியெடுத்த மெலனோமா தோலின் மேற்புறத்திலிருந்து எவ்வளவு ஆழம் இறங்கியுள்ளது என்பதை நுணுக்குக்காட்டியில் மில்லிமீற்றர்க் கணக்கில் அவர் அளந்தார். 0.76 மில்லிமீற்றருக்குக் குறைவான ஆழமுடைய கட்டிகளை அகற்றிக்கொண்டவர்களிடம் நோய் வேறிடங்களுக்குப் பரவவில்லை. ஆழம் மிக மிக ஆபத்தும் மிகுந்தது. இதன் காரணம் தோலின் அமைப்பிலேயே உள்ளது. மேற்றோலில் இரத்தக் குழாய்கள் இல்லை. அதன் கீழுள்ள உட்டோலிலேயே இரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் ஓடுகின்றன. மேற்றோலிற் பக்கவாட்டாகப் படரும் வரை நோய் வீட்டு முற்றத்தில் நிற்கும் கள்வன் போன்றது. உட்டோலில் இறங்கிக் குழாய்களை அடைந்துவிட்டால், உடல் முழுவதற்கும் வழி திறந்துவிடும். வாழ்வுக்கும் சாவுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு மில்லிமீற்றர் அளவே என்பது அப்பொழுது தெளிவாயிற்று.

அந்த ஒரு மில்லிமீற்றருக்குள் நோயைப் பிடிப்பது எவ்வாறு? 1985ஆம் ஆண்டில் நியூயோர்க் பல்கலைக்கழக வைத்தியர்களாகிய பிரீட்மன், ரீகெல், கொப் ஆகிய மூவரும் அதற்கு ஒரு சூத்திரம் வகுத்தனர். ஆங்கில அரிச்சுவடியின் முதல் நான்கு எழுத்துக்களில் தொடங்கும் நான்கு சொற்களில் அதனை அடக்கினர். முதலாவது, வடிவம்: மச்சத்தின் நடுவே ஒரு கோடு இழுத்தாற்போல் எண்ணிப் பார்க்கும்போது இரு பாதிகளும் ஒத்திராமை. இரண்டாவது, ஓரம்: கரையோரம் போல் வளைந்தும் நெளிந்தும், மை ஊறியது போல் மங்கியும் இருத்தல். மூன்றாவது, நிறம்: ஒரே மச்சத்தில் கறுப்பு, கபிலம், சிவப்பு, வெண்மை, நீலம் எனப் பல நிறங்கள் கலந்திருத்தல். நான்காவது, பருமன்: 6 மில்லிமீற்றருக்கு, அதாவது ஒரு பென்சிலின் அடிப்புற அகலத்துக்கு மேற்பட்டிருத்தல். 2004ஆம் ஆண்டில் ஐந்தாவது எழுத்தும் சேர்க்கப்பட்டது. அது மாற்றத்தைக் குறிப்பது. ஐந்தினுள்ளும் தலையாயது இதுவே. சில மெலனோமாக்கள் சிறியனவாகவும் வட்டமாகவும் ஒரே நிறத்தனவாகவும் இருத்தல் கூடும். மாறாமல் இருப்பதோ மிக அரிது. 1998ஆம் ஆண்டில் பிரெஞ்சு வைத்தியர்கள் இன்னுமோர் எளிய வழி கூறினர். ஒருவருடைய மச்சங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அவற்றுள் ஒன்று மட்டும் ஒட்டாமல் வேறாகத் தோன்றுமாயின், அதனை வைத்தியரிடம் காட்டவேண்டும்.

கருநிறத் தோலுடைய நமக்கு இந்நோய் வாராது என்று எண்ணி ஆறுதல் அடைவோர் பலர். அவ்வெண்ணத்தில் ஒரு பாதியே உண்மை. மெலனின் மிகுந்த தோல் சூரிய கதிர்களை நன்கு தடுக்கின்றது; ஆகவே ஆசிய ஆபிரிக்க மக்களிடையே தோற்புற்றுநோய் குறைவு. ஆனால் மெலனோமாவில் ஒரு வகை, வெயிலைச் சாராமல், உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தின் அடியிலும் தோன்றுகின்றது. நகத்தடியில் தோன்றுவதை 1886ஆம் ஆண்டிலேயே இலண்டன் வைத்தியர் ஜொனதன் ஹட்சின்சன் விவரித்தார். அது நகச்சுற்று என்று தவறாகக் கருதப்படுவதையும் அவர் எடுத்துக்காட்டினார். 1976ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ரிச்சர்ட் ரீட் இவ்வகையைத் தனியினமாகப் பிரித்து விளக்கினார். இது எல்லா நிறத்தாருக்கும் வரக்கூடியது. கருநிற மக்களிடத்தில் வரும் மெலனோமாவில் இதன் பங்கே பெரிது. அவர்கள் பெரும்பாலும் நோய் முற்றிய பின்னரே வைத்தியரிடம் வருவதால் மரணமும் மிகுதியாகின்றது.

உலகறிந்த யமேக்கா நாட்டுப் பாடகர் பொப் மார்லியின் வரலாறு இதற்குச் சான்று. அவருடைய வலது காற்பெருவிரலின் நகத்தடியில் இருந்தது மெலனோமா என்று 1977ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. அது முதலில் பந்தாட்டத்தில் ஏற்பட்ட காயமாகவே எண்ணப்பட்டிருந்தது. நோய் மூளை முதலிய உறுப்புக்களுக்குப் பரவி, 1981ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் தேதி, தமது 36ஆவது வயதில் அவர் காலமானார்.

கருநிற மக்களுட் பலருக்கு நகங்களிற் கருங்கோடுகள் இயல்பாகவே இருப்பதுண்டு. அவை பல விரல்களிலும் காணப்படின் பெரும்பாலும் தீங்கற்றவை. ஒரே ஒரு நகத்தில் புதிதாகக் கோடு தோன்றி அகன்று வருமாயினும், அதன் கருமை நகத்தைச் சுற்றியுள்ள தோலிலும் படருமாயினும் தாமதித்தல் கூடாது. உள்ளங்காலில் ஏற்பட்ட கரும்புள்ளியை முள் தைத்தது, செருப்புக் கடித்தது, கல் குத்தியது என்று கூறி மாதக்கணக்கில் விட்டுவிடுதல் நம்மவர் வழக்கம். உண்மையான காயமாயின் சில வாரங்களில் ஆறும். நகத்தடியில் உறைந்த இரத்தமாயின் நகம் வளர வளர முன்னோக்கி நகரும். ஆறாததும் நகராததும் ஆராயப்பட வேண்டியவை.

வெயிலைச் சாராத தோற்புற்றுநோய்கள் வேறும் உண்டு. 1828ஆம் ஆண்டில் பிரெஞ்சு வைத்தியர் மார்ஜொலின் தழும்புகளில் உண்டாகும் ஒருவகைப் புண்ணை விவரித்தார். நெருப்புச்சுட்ட பழைய தழும்பு பல ஆண்டுகளின் பின்னர் புண்ணாகிப் புற்றாக மாறுவதற்கு அவர் பெயரே இன்று வழங்குகின்றது. காஷ்மீரத்து மக்கள் குளிருக்காகக் "காங்கிரி" என்னும் கனற்சட்டியை உடையினுள் வயிற்றோடு அணைத்து வைத்திருப்பர். அச்சூடு பட்ட வயிற்றுத் தோலிலும் தொடைகளிலும் புற்றுநோய் தோன்றுவதை அங்கு பணியாற்றிய எல்ம்ஸ்லி என்னும் வைத்தியர் 1866ஆம் ஆண்டிற் குறித்தார். அடுப்பு நெருப்பும் கொதிநீரும் பட்ட தழும்புகள் இல்லாத வீடு நம் நாட்டிலும் அரிது. பழைய தழும்பில் புதிதாக ஒரு புண் தோன்றி ஆறாதிருந்தால், களிம்பு பூசிக் காலங்கடத்தலாகாது.

வைத்தியரிடம் சென்றால் என்ன நிகழும் என்ற அச்சமே பலரைத் தடுக்கின்றது. அவர் முதலில் தோல் முழுவதையும் பார்வையிடுவார். 1980களின் பிற்பகுதியிலிருந்து பரவிய, ஒளியும் உருப்பெருக்கியும் ஒருங்கமைந்த சிறு கைக்கருவியினால் மச்சத்தின் உள்ளமைப்பை ஊன்றிப் பார்ப்பார். ஐயம் நீங்காவிடின், அவ்விடத்தை மரக்கச் செய்து, மச்சத்தை வெட்டியெடுத்து, நுணுக்குக்காட்டிப் பரிசோதனைக்கு அனுப்புவார். இவ்வாறு வெட்டியெடுப்பதனால் நோய் பரவும் என்பது ஆதாரமற்ற அச்சம். பெரும்பாலான மச்சங்கள் தீங்கற்றவை என்பதே பரிசோதனையின் முடிவாக இருக்கும். மெலனோமாவேயாயினும், மெல்லியதாக இருக்கும்போதே அகற்றப்பட்டவர்களுள் நூற்றுக்கு 90 பேருக்கு மேற்பட்டோர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர். முற்றிய நோய்க்கும் 2011ஆம் ஆண்டு முதல், உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் புதிய மருந்துகள் வந்துள்ளன. அம்மருந்துகளுக்கு வழிவகுத்த அலிசன், ஹொன்ஜோ ஆகிய இருவருக்கும் 2018ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. ஆயினும் அவை எல்லோரையும் காப்பதில்லை. அவற்றின் விலையும் எளியோர் கைக்கு எட்டுவதன்று. சிறு கத்தியினால் சில நிமிடங்களில் முடியும் சிகிச்சைக்கு ஈடான மருந்து இன்னும் தோன்றவில்லை.

மாதத்துக்கு ஒருமுறை, குளித்தபின், நல்ல வெளிச்சத்தில் உச்சி முதல் உள்ளங்கால் வரை தோலைப் பார்த்துக்கொள்வதற்குச் செலவு எதுவும் இல்லை. முதுகையும் பிடரியையும் வீட்டிலுள்ள ஒருவர் பார்த்துச் சொல்லலாம்; உள்ளங்காலை ஒரு கண்ணாடித் துண்டு காட்டும். முதியோருடைய கால்களைக் கழுவித் துடைக்கும் பிள்ளைகள் விரலிடுக்குகளையும் நகங்களையும் ஒருமுறை நோக்கினாற் போதும். ஹன்டர் காட்சிச்சாலையில் வைத்துச் சென்ற கட்டியின் உண்மை விளங்க 181 ஆண்டுகள் வேண்டியிருந்தன. இன்று அதன் தொடக்கத்தை அறிவதற்கு ஒரு நிமிடம் உற்றுப் பார்ப்பதும், ஐயம் தோன்றியவுடன் வைத்தியரிடம் செல்வதுமே வேண்டியவை. மச்சத்தின் பலனை அறிய விரும்புவோர் அது இருக்கும் இடத்தை மட்டுமன்றி, அது மாறுகின்றதா என்பதையும் பார்ப்பாராக.